மணிக்கணக்கு

விட்டுப்போன கைவேலையை நாப்பது வயசுக்கு மேல திரும்ப எடுத்தா, சுத்தி இருக்கறவங்க வரிசையா மூணு கேள்வி கேப்பாங்க. ஒண்ணு, "இப்போ எதுக்கு இதெல்லாம்?" ரெண்டு, "நல்லாத்தானே இருக்கு, விக்கலாமே?" மூணு, "இந்தத் தடவையாவது முடிப்பியா?"

மூணையும் நல்ல மனசோடதான் கேக்கறாங்க, சந்தேகமே இல்லை. ஆனா மூணுக்கும் அடியில ஓடுறது ஒரே கணக்குதான். இத்தனை நேரம் செலவழிக்கறியே, கடைசியில கையில என்ன நிக்கும்?

என் கட்சி என்னன்னா, ரெண்டாவது தடவை எடுக்கும்போது அந்தக் கணக்கை செருப்போட சேர்த்து வாசல்லயே கழட்டி விட்டுட்டு வரணும். இல்லைன்னா முதல் தடவை எதனால விட்டோமோ, அதே காரணத்துக்காக மறுபடியும் விடுவோம். மணி வேலையை பதினோரு வருஷம் விட்டுட்டுத் திரும்ப எடுத்தவ என்கிற ஒரே தகுதியில இதைச் சொல்றேன் :-)

முதல்ல எந்த மணி வேலைன்னு தெளிவா சொல்லிடறேன். எங்க தலைமுறைக்கு மணின்னதும் ஞாபகம் வர்றது ஷோகேஸ் வாத்துதான். தங்கூஸ் நரம்புல பிளாஸ்டிக் முத்தைக் கோர்த்து, ரெண்டு முனையையும் எதிரும் புதிருமா ஒரே மணிக்குள்ள விட்டு இழுத்து இழுத்துச் செய்யறது. வாத்து, அன்னம், பிள்ளையார், வாசல் தோரணம் எல்லாம் அதுலதான். ஊசியே வேண்டாம், நரம்பே ஊசி. இப்போ கல்யாண ஜாக்கெட்டுல ஆரி ஊசியால மணி வெச்சுத் தைக்கறாங்களே, அது வேற குடும்பம். அதுக்கு அடியில துணி இருக்கு. நான் சொல்றது துணியே இல்லாம, மணியும் நூலும் மட்டும் சேர்ந்து துணி மாதிரி ஆகிற வேலை. அதுல பெயோட்டின்னு ஒரு பின்னல் இருக்கு. ஒவ்வொரு மணியும் முந்தின வரிசையில ரெண்டு மணிக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல போய் உக்காரும். முடிச்சுப் பார்த்தா சுவத்துல செங்கல் மாத்தி மாத்தி அடுக்கின மாதிரி இருக்கும். மெல்லிசான நீள ஊசி, நைலான் நூல், கடுகு சைஸ் கண்ணாடி மணி. அவ்வளவுதான் முதலீடு.

சரி, ஏன் விடறோம்?

கேட்டா எல்லாரும் "நேரம் இல்லை"ம்பாங்க. அது பாதி உண்மை. கைக்குழந்தையை மடியில போட்டுக்கிட்டே கோர்த்தவங்களை எனக்குத் தெரியும். ரிட்டயர் ஆகி நாள் முழுக்க நேரம் இருந்தும் தொடாதவங்களையும் தெரியும். நேரம் மட்டும்தான் காரணம்னா இது தலைகீழா இல்ல இருக்கணும்?

நான் 2013-ல விட்டேன். அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் ஆர்டர். முதல்ல தெரிஞ்சவங்க ஒருத்தர் கேட்டாங்க, அப்புறம் அவங்களுக்குத் தெரிஞ்சவங்க. பட்டுப்புடவை பார்டருக்குப் பொருத்தமா கைப்பட்டை வேணும், சனிக்கிழமை நிச்சயதார்த்தம், வியாழக்கிழமை ராத்திரி வந்து வாங்கிக்கறோம். அரக்கு கலர் கேட்டவங்க, கையில வாங்கினதும் "இது மெரூன் இல்லையோ?" என்பாங்க. காசு கொடுக்கறவங்க கேக்கறதுல தப்பே இல்லை. ஆனா எப்போ ஊசியை எடுத்தாலும் ஒரு தேதியும் ஒரு தொகையும் பக்கத்துல வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கும். கடைசி ஆர்டரைக் கொடுத்த அன்னிக்கு டப்பாவை மூடிப் பரண்ல ஏத்தினேன். பெரிய சோகமெல்லாம் இல்லை. அப்பாடான்னுதான் இருந்தது.

இப்போ ஒரு சின்ன மனக்கணக்கு போடுவோம். கணக்கு வேண்டாம்னு சொல்லிட்டு நானே போடறேன், பொறுத்துக்குங்க.

ஜப்பான் மியூக்கி கம்பெனியோட டெலிக்கா மணியை எடுத்துப்போம். 11-ஆம் நம்பர் டெலிக்கா ஒண்ணு சுமார் 1.6 மி.மீ. குறுக்களவு, 1.3 மி.மீ. நீளம் இருக்கும். 18 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்துல ஒரு கைப்பட்டை பின்னணும்னா கிட்டத்தட்ட 1,700 மணி ஆகும். ஒரு மணியை எடுத்து, பள்ளத்துல உட்கார வெச்சு, அடுத்த மணிக்குள்ள ஊசியை விட்டு, இழுத்து இறுக்க பத்து வினாடின்னு வைங்க. 17,000 வினாடி. அதாவது நாலே முக்கால் மணி நேரம். டிசைனுக்கு ஏத்த மாதிரி நிறம் எண்ணிப் பார்க்கிற நேரம், நூல் தீர்ந்தா புது நூல் சேர்க்கிற நேரம், கொக்கி மாட்டுற நேரம் எல்லாம் சேர்த்தா ஆறு மணி நேரத்துக்குக் குறையாது.

அந்தக் காலத்துல எனக்குக் கிடைச்ச விலை 150 ரூபாய். மணி, நூல் செலவைக் கழிக்காமலே ஒரு மணி நேரத்துக்கு 25 ரூபாய்!

நம்ம பாஷையில ஒரு வசதி பாருங்க. கோர்க்கிறதும் மணி, கடிகாரம் காட்டுறதும் மணி. "மணிக்கணக்கா உக்காந்து கோர்க்கறா"ன்னா எந்த மணின்னே தெரியாது. எந்தக் கணக்குல போட்டாலும் விக்கிறதுன்னு வந்துட்டா இது கட்டுபடி ஆகாது. இதைத் தெரிஞ்சுக்கிட்டே "விக்கலாமே"ன்னு ஏன் சொல்றோம்? வீட்டுப் பொம்பளை ஒருத்தி தனக்காக ஆறு மணி நேரம் எடுத்துக்கறதை வேற எப்படி நியாயப்படுத்தறதுன்னு நமக்குத் தெரியலை, அதான். ஞாயித்துக்கிழமை முழுக்க சோபாவுல சாய்ஞ்சு கிரிக்கெட் பார்க்கிற மனுஷன்கிட்ட "இவ்வளவு நல்லா பாக்கறீங்களே, இதை விக்கலாமே"ன்னு யாராவது கேட்டிருக்காங்களா? :-)

விக்கிற விஷயத்துல இன்னொரு பக்கமும் இருக்கு. அதைப் பத்தி நாம அதிகம் பேசறதில்லை.

பஸ் ஸ்டாண்டுலயும் கோயில் வாசல்லயும் துணி விரிச்சு பாசிமணி, ஊசிமணி விக்கிற நரிக்குறவர் குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, சோறு. அவங்களைப் பழங்குடியினர் பட்டியல்ல சேர்க்கிற சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்துல நிறைவேறவே 2022 டிசம்பர் ஆச்சு. அவங்ககிட்ட நாற்பது ரூபாய் மாலையை இருபதுக்குக் கேட்டு நிக்கறோம். மாசச் சம்பளம் வர்ற வீட்டுல இருந்துக்கிட்டு, பொழுதுபோகலைன்னு ஆறு மணி நேர வேலையை 150 ரூபாய்க்கு ஒருத்தர் கொடுத்தா, "கையால செய்யற மணி வேலைக்கு இதுதான் ரேட்டு"ன்னு ஊர் மனசுல பதிஞ்சுடும். அடுத்து அதை வெச்சே பிழைக்கிறவங்க வந்து நியாயமான விலை சொன்னா, "அந்த அம்மா இதைவிடக் கம்மியா கொடுத்தாங்களே" என்பாங்க.

அதனால என் தீர்மானம் இது. வித்தா முழு விலைக்கு விக்கணும், கூலியைச் சேர்த்து. இல்லைன்னா பிடிச்சவங்களுக்குச் சும்மா கொடுத்துடணும். நடுவுல ஒண்ணு இருக்கே, "ஏதோ பாத்துக் கொடுங்க" விலை, அது வேண்டவே வேண்டாம். அந்த விலையால செய்யறவங்களுக்கும் நஷ்டம், அதை நம்பிப் பிழைக்கிறவங்களுக்கும் நஷ்டம்.

விக்கவே கூடாதுன்னு சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. குடும்பத்துக்கு அந்தக் காசு தேவைப்படறவங்க, கடை மாதிரி ஒழுங்கா நடத்தறவங்க எத்தனையோ பேர். அவங்க மேல எனக்கு மரியாதைதான். நான் சொல்றது காசு தேவைப்படாத இடத்துலயும் காசாலதான் ஒரு வேலைக்கு மதிப்பு வரும்னு நினைக்கிற பழக்கத்தை.

இனி திரும்ப எடுக்கிறதுக்கு வருவோம். 2024-ல பரண்ல இருந்து டப்பாவை இறக்கினேன். யாருக்காவது உபயோகப்படும்னு அதுல கண்டதைச் சொல்றேன்.

தங்கூஸ் போச்சு. வளைச்சா படக்குனு ஒடியுது. நைலான் வருஷக்கணக்கா வெயில், வெக்கை பட்டா அப்படித்தான் ஆகும். பழைய நூல், பழைய நரம்பு எதையும் நம்பிக் கோர்க்காதீங்க, தூக்கிப் போட்டுடுங்க. பிளாஸ்டிக் முத்து மேல இருந்த பளபளப்பு தோல் உரிஞ்சு, உள்ள இருக்கிற வெள்ளை பல்லிளிச்சது. வெள்ளி உள்பூச்சு மணிகள்ல சிலது கறுத்துப் போச்சு. மேல சாயம் ஏத்தின மணி வெளுத்துப் போச்சு. ஆனா கண்ணாடியிலேயே நிறம் கலந்து செஞ்ச சாதா மணி? சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. புதுசா வாங்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்குங்க. மின்னுறது கொஞ்ச நாள், கண்ணாடி நிறம் நிரந்தரம்.

நம்பர் மறந்தவங்களுக்கு: மணியில நம்பர் ஏற ஏற அளவு குறையும். 8-ஆம் நம்பர் சுமார் 3 மி.மீ., 11 சுமார் 2 மி.மீ., 15 சுமார் 1.5 மி.மீ. டெலிக்கா உருளை மாதிரி இருக்கிறதால அதுக்கு மட்டும் அளவு கொஞ்சம் வித்தியாசப்படும். சுவர் மெல்லிசு, துளை பெரிசு, எல்லாம் ஒரே அச்சு. அதான் பெயோட்டிக்கு அது அவ்வளவு சௌகரியம். கிராம் கணக்குல கிடைக்கிற நம்ம ஊர் மணியில ஒண்ணு குண்டு, ஒண்ணு தட்டை. மட்டம்னு ஒதுக்காதீங்க. அரிசியில கல் பொறுக்கற மாதிரி தட்டுல கொட்டிப் பொறுக்கினா தாராளமா வேலைக்கு ஆகும். குண்டு ஒரு கிண்ணம், தட்டை ஒரு கிண்ணம். அந்தப் பொறுக்கலும் ஒரு சுகம்தான்.

டப்பாவைவிட அதிகமா மாறிப்போனது கண்ணு. நாப்பதைத் தாண்டினா கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் இளக்கம் குறைஞ்சு போகும், கிட்டத்துப் பார்வை மங்கும். வெள்ளெழுத்துன்னு பெரியவங்க சொன்னது இதைத்தான். மணி கோர்க்கிற ஊசியோட காது, ஊசித்தண்டு அளவுக்குத்தான் இருக்கும். இல்லைன்னா மணிக்குள்ள நுழையாதே. முதல் நாள் அந்தக் காதுக்குள்ள நூல் விடறதுக்கே கால் மணி நேரம். "ஆரம்பமே இப்படியா"ன்னு அங்கேயே மூடி வெச்சுடறவங்க நிறைய பேர் இருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

மூடாதீங்க. நூல் முனையில தேன்மெழுகு தடவி, நகத்தால தட்டையாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இம்மியூண்டு மட்டும் தெரியற மாதிரி பிடிங்க. அப்புறம் நூலை ஊசிக்குள்ள விடாதீங்க, ஊசியை நூல் மேல இறக்குங்க. பாதிக் கஷ்டம் போயிடும். மீதிப் பாதிக்குப் படிக்கிற கண்ணாடி இருக்கு. பக்கவாட்டுல ஒரு விளக்கு. மணி உருளாம இருக்க அடியில சொரசொரப்பான கம்பளித்துணி. கண்ணாடி போட்டுக்கிட்டு கோர்க்கிறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. சமையலுக்குக் கண்ணாடி போடறோம், சீரியல் பாக்கக் கண்ணாடி போடறோம், இதுக்குப் போட்டா மட்டும் என்னவாம்?

கண்ணு மாறிடுச்சு, சரி. கை?

கை விஷயம் சுவாரசியம். ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், 1885-ல ஞாபகசக்தியைப் பத்திப் புத்தகம் போட்டவர். அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, மறந்து, மறுபடி மனப்பாடம் பண்ணித் தன்னையே சோதிச்சுப் பார்த்தார். சுத்தமா மறந்துபோச்சுன்னு நினைக்கிறதைக்கூடத் திரும்பப் படிக்க முதல் தடவையைவிடக் குறைஞ்ச நேரம்தான் ஆகுதுன்னு கண்டுபிடிச்சார். கைப்பழக்கம் இன்னும் அதிசயம். மூளை ஆபரேஷனுக்கு அப்புறம் புது ஞாபகமே தங்காமப் போன ஒருத்தர்கிட்ட, கண்ணாடியில பிம்பத்தைப் பார்த்துக்கிட்டே நட்சத்திரக் கோடு வரையச் சொன்னாங்க பிரெண்டா மில்னர்ங்கற ஆய்வாளர். தினம் தினம் அவர் கை தேறிக்கிட்டே வந்தது. ஆனா முந்தின நாள் இதை வரைஞ்சதே அவருக்கு நினைவில்லை! 1962-ல வெளிவந்த ஆய்வு இது. கைக்குன்னு தனியா ஒரு ஞாபகம் இருக்குன்னு அதுக்கப்புறம்தான் ஆராய்ச்சிக்காரங்க தீவிரமா எடுத்துக்க ஆரம்பிச்சாங்க. நம்ம பாட்டிகளைக் கேட்டிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பாங்க, அது வேற விஷயம்.

பெயோட்டியில முதல் மூணு வரிசைதான் பாடாய்ப் படுத்தும். முதல்ல கோர்க்கிற ஒத்தைச் சரமே ரெண்டு வரிசைக்குச் சமம். மூணாவதைப் போடும்போது அந்தச் சரத்துல ஒரு மணி மேல, ஒரு மணி கீழன்னு பிரியணும். அதுவரைக்கும் அது பாம்பு மாதிரி நெளியும். நாலாவது வரிசையில இருந்து பல்வரிசை மாதிரி பள்ளம் தெரிய ஆரம்பிக்கும், ஊசி தானா வழி கண்டுபிடிச்சுப் போகும். திரும்ப வர்றவங்க யாரா இருந்தாலும் முதல் மூணு வரிசையை வெச்சுத் தன்னை எடை போடாதீங்க. எப்பவுமே அது அப்படித்தான். பதினெட்டு வயசுலயும் அது நெளிஞ்சுது.

கடைசியா அந்த மூணாவது கேள்வி. "முடிப்பியா?"

பழைய டப்பாவைத் திறந்தா எல்லார்கிட்டயும் பாதியில நின்ன ஒண்ணு இருக்கும். ஊசி குத்தினபடியே, நூல் தொங்கினபடியே. "முதல்ல அதை முடி, அப்புறம் புதுசு" என்கிறது வீட்டுச் சட்டம். பாதிச் சோத்தைத் தட்டுல வெச்சுட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னு வளர்ந்தவங்க இல்லையா நாம! ஆனா சோறு ஊசிப் போகும், மணி ஊசிப் போகாது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி யாரோ கேட்ட நிறத்துல, யாரோ கேட்ட டிசைன்ல பாதியில நின்னதை இன்னிக்கு முடிச்சே ஆகணும்னு என்ன வந்தது? நான் கத்திரியை எடுத்து நூலை வெட்டிட்டேன். ஒரு கிண்ணம் நிறைய மணி உதிர்ந்தது. அரக்கா மெரூனான்னு இனிமே யாரும் கேக்கப் போறதில்லை :-)

இதுல வருத்தப்பட ஒண்ணுமே இல்லைன்னு எனக்குத் தோணறதுக்குக் காரணம் அரிக்கமேடு. புதுச்சேரிக்குப் பக்கத்துல இருக்கிற அந்த இடத்துல 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினார், 1989-லேர்ந்து 1992 வரை விமலா பெக்லே தோண்டினாங்க. ரோமானிய ஜாடிகளைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. ஆனா அங்கே மணி செஞ்சிருக்காங்க. கண்ணாடியைக் காய்ச்சி, இழுத்து, நீளமான குழாயாக்கி, பொடிப்பொடியா நறுக்கி, சாம்பலோட சூடாக்கி ஓரத்தை மழுக்கி எடுத்த சின்னச் சின்ன ஒத்தை நிற மணிகள். பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள்ள. இந்த வகை மணி கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்து தென்கிழக்கு ஆசியா வரைக்கும் கிடைச்சிருக்கு. பீட்டர் பிரான்சிஸ் என்கிற மணி ஆய்வாளர் அதுக்கு இந்தோ-பசிபிக் மணின்னே பேர் வெச்சார். இதே இழுப்பு முறையில திருப்பதி பக்கத்துல பாப்பாநாயுடுபேட்டையில மணி செய்யறதை 20-ஆம் நூற்றாண்டோட கடைசியிலகூட ஆய்வாளர்கள் நேர்ல பார்த்துப் பதிவு செஞ்சிருக்காங்க.

அந்த மணிகளையெல்லாம் ஒரு காலத்துல யாரோ நூல்ல கோர்த்துத்தானே போட்டிருப்பாங்க? நூல் மக்கிப் போச்சு. கோர்த்த மாலை முடிஞ்சுதா, பாதியில நின்னுதா, என்ன விலைக்குப் போச்சு, எதுவும் நமக்குத் தெரியாது. ரெண்டாயிரம் வருஷத்துப் பழைய மணி மட்டும் துளையோட அப்படியே இருக்கு. இப்போ நூல் விட்டாலும் நுழையும்.

அப்படிப்பட்ட பொருள் நம்ம பரண்ல பதினோரு வருஷம் சும்மா இருந்துச்சுன்னு நாம குத்த உணர்ச்சியில தவிக்கறோம்! மணி நமக்காக ஏங்கிக்கிட்டும் இல்லை, நம்ம மேல கோவிச்சுக்கிட்டும் இல்லை. அதுபாட்டுக்கு இருந்தது. எடுத்தா எடுக்கலாம். பத்து நாள் கழிச்சு மறுபடி மூடி வெச்சாலும் ஒண்ணும் குடி முழுகாது.

இப்போ நான் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அரை மணி நேரம் கோர்க்கிறேன். சில நாள் ரெண்டு வரிசை, சில நாள் அஞ்சு. என்ன செய்யறேன்னு கேட்டா "தெரியலை, ஒரு பட்டையா வருது"ன்னு சொல்றேன். கேக்கறவங்க முகத்துல ஒரு ஏமாத்தம் தெரியும். பழகிடுவாங்க.

உங்க வீட்டுப் பரண்லயும் ஏதாவது இருக்கும். மணியா இல்லாம வயர் கூடையா இருக்கலாம், பாதி ஸ்வெட்டரா இருக்கலாம், கம்பி அறுந்த வீணையா இருக்கலாம். இறக்கித் தூசு தட்டுங்க. கெட்டுப்போனதைத் தூக்கிப் போடுங்க, கண்ணாடியைப் போட்டுக்குங்க, முதல் மூணு வரிசையைப் பொறுத்துக்குங்க. யாராவது "விக்கலாமே"ன்னா, ஆறு மணி நேரக் கூலியைச் சேர்த்து ஒரு விலை சொல்லிப் பாருங்க. அடுத்த தடவை கேக்க மாட்டாங்க :-)